பழைய கையடக்கக் கணினிக்கு யூஎஸ்பி வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீரோவில் கிடந்த பாம் பைலட், அப்பா கணக்கு எழுதிய சையான், நூல் குடோனில் ஸ்டாக் எடுக்க வாங்கிய விண்டோஸ் சிஇ கருவி, இப்படி ஏதாவது ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு "இதுக்கு யூஎஸ்பி போட முடியுங்களா" என்று கேட்பவர்கள் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது. 1990களின் நடுவிலிருந்து 2005 வாக்கில் வரை வந்த கருவிகளைப் பற்றியது இது. ஆண்ட்ராய்டு போன்கள் இதில் வராது.

ஏனுங்க, சரியான கேபிள் ஒன்றை வாங்கி மாட்டினால் வேலை முடிஞ்சுதில்லீங்களா?

நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "யூஎஸ்பி வேணும்" என்று வருபவர்களில் ஒரு பாதிப் பேருக்கு அந்தக் கருவியைக் கம்ப்யூட்டரில் செருகிக் கோப்புகளை எடுக்க வேண்டும். மீதிப் பேருக்கு அந்தக் கருவியிலேயே பென் டிரைவோ கீபோர்டோ செருக வேண்டும். இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் உள்ளே நடக்கும் வேலை முற்றிலும் வேறு.

யூஎஸ்பியில் இரண்டு பக்கமும் சமம் கிடையாது. ஒரு பக்கம் ஹோஸ்ட், இன்னொரு பக்கம் டிவைஸ். வகுப்பில் வாத்தியார் பெயர் கூப்பிட்டால்தான் பையன் "உள்ளேன் ஐயா" என்பான், தானாக எழுந்து பேச மாட்டான். அதே மாதிரி ஹோஸ்ட் கேட்டால் மட்டுமே டிவைஸ் பதில் தரும். கம்ப்யூட்டர் ஹோஸ்ட்; பென் டிரைவ், கீபோர்டு, மவுஸ் எல்லாம் டிவைஸ். பழைய கையடக்கக் கணினிகளில் யூஎஸ்பி இருந்தாலும் பெரும்பாலும் டிவைஸ் பக்கம் மட்டும்தான் இருக்கும். அதில் பென் டிரைவைச் செருகினால் இரண்டு டிவைஸ்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும், யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள்.

ஹோஸ்ட் வேலையைச் செய்ய உள்ளே அதற்கென்று ஒரு கன்ட்ரோலர் சிப் வேண்டும், 5 வோல்ட் வெளியே கொடுக்கும் சுற்று வேண்டும், அதை ஓட்டும் மென்பொருளும் வேண்டும். இந்த மூன்றில் எதையும் கேபிளால் உண்டாக்க முடியாது.

கடையில் ஓடிஜி கேபிள் என்று விற்கிறார்களே, அது?

ஓடிஜி என்பது 'ஆன்-தி-கோ' என்பதன் சுருக்கம். அது ஹோஸ்ட் வசதி ஏற்கெனவே உள்ள கருவிக்கு "இப்போது நீ ஹோஸ்டாக மாறு" என்று சைகை காட்டும் கேபிள், அவ்வளவுதான். மினி, மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட்டில் ஐந்து பின்கள் உண்டு. நான்காவது பின்னின் பெயர் ஐடி. ஓடிஜி கேபிளில் அந்தப் பின்னைக் கிரவுண்டோடு சேர்த்திருப்பார்கள். உள்ளே ஹோஸ்ட் இருந்தால் விழித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. ஓடிஜி விதிமுறையே 2001 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன்னால் வடிவமைத்த கருவிக்கு அந்தச் சைகையைப் பற்றித் தெரிய வழியில்லை.

இரண்டு முனையிலும் ஆண் முனை உள்ள கேபிளை வாங்கி இரண்டு கம்ப்யூட்டரை இணைத்துப் பார்க்க வேண்டாம். இரண்டு பக்கமும் 5 வோல்ட் தள்ளும். எதாவது ஒரு போர்ட்டு போய்விடலாம்.

என்னிடம் இருப்பது எந்த வகை என்று எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?

முதலில் வருடத்தைப் பாருங்கள். முதல் பாம் பைலட் வந்ததும் யூஎஸ்பி 1.0 விதிமுறை வெளியானதும் ஒரே வருடம், 1996. அதனால் ஆரம்பகால பாம் எல்லாமே சீரியல் (யூஎஸ்பிக்கு முன்பிருந்த பழைய தரவு இணைப்பு). 1999இல் வந்த பாம் 5 கூட (கடையில் 'பாம் வி' என்பார்கள்) சீரியல்தான். அதே வருடம் வந்த ஹேண்ட்ஸ்பிரிங் வைசர் யூஎஸ்பி கிரேடிலோடு (கருவியை நிறுத்திக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் தாங்கி) வந்தது. பாம் நிறுவனம் 2001இல் எம்500 வரிசையில்தான் யூஎஸ்பி கிரேடிலுக்கு வந்தது. சையான் சீரீஸ் 5, 5எம்எக்ஸ் இரண்டும் சீரியல். ஹெச்பி 200எல்எக்ஸ் டாஸில் ஓடுவது, அதுவும் சீரியல்.

அடுத்து பிராசஸரைப் பாருங்கள். காம்பேக் ஐபேக் 3600 வரிசை, ஷார்ப் ஜாரஸ் 5500 இவற்றில் இருப்பது இன்டெல் ஸ்டிராங்ஆர்ம் எஸ்ஏ-1110. அதற்குள் யூஎஸ்பி டிவைஸ் கன்ட்ரோலர் மட்டும் உண்டு. அதற்குப் பின்னால் வந்த பிஎக்ஸ்ஏ255உம் அப்படியே. 2004இல் வந்த பிஎக்ஸ்ஏ270 குடும்பத்தில்தான் ஹோஸ்ட் சிப்புக்குள்ளேயே வந்தது. ஆனால் சிப்பில் இருப்பது ஒன்று, கருவி செய்தவர் அந்தக் கம்பியை வெளியே கொண்டுவந்து சாக்கெட்டில் சேர்ப்பது வேறு. பிஎக்ஸ்ஏ270 போட்டும் ஹோஸ்ட் வசதி தராத கருவிகள் பல. கம்பெனியே ஹோஸ்ட் தந்த கருவிகளில் ஷார்ப் ஜாரஸ் எஸ்எல்-சி3000 வரிசை, ஃபுஜிட்சு சீமென்ஸ் பாக்கெட் லூக்ஸ் 720, ஆசுஸ் மைபால் ஏ730 ஆகியவற்றைச் சொல்லலாம். டோஷிபா ஈ740க்குத் தனியாக ஒரு விரிவாக்கப் பெட்டி விற்றார்கள், அதை மாட்டினால் ஹோஸ்ட் போர்ட்டு கிடைக்கும். உங்களிடம் இவற்றில் ஒன்று இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர், கருவியைத் திறக்கவே வேண்டாம்.

சிஎஃப் கார்டு போடும் துளை இருக்குங்க. அதில் யூஎஸ்பி வைக்க முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், ஏனென்றால் ஒரு ஸ்குரூவைக் கூடக் கழற்ற வேண்டியதில்லை. காம்பேக்ட் ஃபிளாஷ் துளை என்பது வெறும் மெமரி கார்டு வைக்கும் இடம் மட்டும் இல்லை. பிராசஸரின் பஸ்ஸுக்கு (தரவு ஓடும் பொதுத் தடத்துக்கு) நேராகப் போகும் வாசல் அது. மோடம், நெட்வொர்க், ப்ளூடூத் கார்டுகள் எல்லாம் அதில் வந்தது அதனால்தான். ஜப்பானின் ராடாக் நிறுவனம் ரெக்ஸ்-சிஎஃப்யூ1 என்ற பெயரில் சிஎஃப் வடிவ யூஎஸ்பி ஹோஸ்ட் கார்டு ஒன்றை விற்றது. உள்ளே இருப்பது சைப்ரஸின் எஸ்எல்811ஹெச்எஸ் என்ற சிப். அதற்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே உண்டு, கர்னல் மூலத்தில் இந்தக் கார்டின் பெயரே எழுதியிருக்கும். அதனால் லினக்ஸ் ஓடும் ஜாரஸ், லினக்ஸ் ஏற்றிய ஐபேக் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வழி. வேகம் யூஎஸ்பி 1.1 அளவு, அதாவது காகிதத்தில் நொடிக்கு 12 மெகாபிட். கையில் வருவது அதைவிட நிறையக் குறைவு. கீபோர்டுக்கும் சின்னக் கோப்புகளுக்கும் அது தாராளம்.

விண்டோஸ் சிஇ என்றால் இன்னொரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். யூஎஸ்பிடி.டிஎல்எல் என்ற கோப்புதான் ஹோஸ்ட் வேலைக்கு அடித்தளம். கருவியின் ஆர்ஓஎம்மில் (படிக்க மட்டும் உள்ள நினைவகத்தில்) கம்பெனி அதைச் சேர்க்காமல் விட்டிருந்தால் கார்டோடு வந்த டிரைவர் தொகுப்பில் அது இருக்க வேண்டும். அதோடு சிஇ கருவிகள் ஒரே பிராசஸரில் வந்தவை இல்லை. ஜோர்னாடா 680 எஸ்ஹெச்3, என்இசி மொபைல்ப்ரோ 780 மிப்ஸ், ஜோர்னாடா 720 ஆர்ம். ஒன்றுக்கான டிரைவர் இன்னொன்றில் ஓடாது. கார்டு கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் காசைக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் பிராசஸருக்கு டிரைவர் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பிசி கார்டு துளை உள்ள கருவிக்கு? யூஎஸ்பி 2.0 கார்டு பழைய கடைகளில் நிறையக் கிடைக்குதே.

அதை வாங்காதீர்கள். லேப்டாப்புக்கு வந்த அந்த யூஎஸ்பி 2.0 கார்டுகள் கார்டுபஸ் வகை, 32 பிட். கையடக்கக் கணினிகளில் இருப்பது 16 பிட் பிசிஎம்சிஐஏ (பிசி கார்டின் பழைய பெயர்) துளை. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே அளவு. கார்டின் பின் ஓட்டைகள் உள்ள முனையில் சின்னச் சின்ன மேடுகளோடு ஒரு தங்க நிறப் பட்டை ஓடினால் அது கார்டுபஸ். வலுக்கட்டாயமாக அழுத்தினால் துளைக்குள் இருக்கும் பின் வளைந்துவிடும். வளைந்த பின்னை நிமிர்த்துவது எவ்வளவு கஷ்டம் என்று ஒருமுறை செய்தவர்களுக்குத் தெரியும். நல்ல சேதி ஒன்று உண்டு. சிஎஃப் கார்டை 68 பின் பிசி கார்டு துளையில் போட உள்ளே எந்தச் சிப்பும் இல்லாத, வெறும் இணைப்பு மட்டும் உள்ள அடாப்டர் போதும். அதனால் மேலே சொன்ன சிஎஃப் கார்டையே இதிலும் பயன்படுத்தலாம்.

எனக்கு அதெல்லாம் வேண்டாங்க. உள்ளே இருக்கிற கணக்கை வெளியே எடுத்தால் போதும்.

அப்படியானால் யூஎஸ்பியை மறந்துவிடுங்கள். சிஎஃப் துளை இருந்தால் ஒரு பழைய, சின்னக் கொள்ளளவு சிஎஃப் கார்டும், கம்ப்யூட்டர் பக்கம் ஒரு யூஎஸ்பி கார்டு ரீடரும் போதும். கோப்பைக் கார்டுக்கு நகலெடுத்து, கார்டைக் கழற்றி, ரீடரில் போட்டால் முடிந்தது. டிரைவர் தொல்லை இல்லை, கேபிள் தேட வேண்டாம், கருவிக்கு ஆபத்தும் இல்லை. இங்கே வருபவர்களில் பாதிக்கு மேல் இதிலேயே திருப்தியாகப் போய்விடுவார்கள்.

கார்டு வாங்கும்போது பெரியதாக வாங்காதீர்கள். ஹெச்பி 200எல்எக்ஸில் இருப்பது டாஸ் 5.0, அதற்கு எஃப்ஏடி16 என்ற பழைய கோப்பு முறை வரைதான் தெரியும், ஒரு பகுதிக்கு 2 ஜிபிக்கு மேல் பிடிக்காது. எஸ்டி கார்டு துளை உள்ள கருவிகளிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். எஸ்டிஹெச்சி விதிமுறை 2006இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கருவிகள் பெரும்பாலானவை 2 ஜிபி வரையிலான சாதா எஸ்டி கார்டைத்தான் படிக்கும். 64 ஜிபி கார்டைப் போட்டுவிட்டு "ஸ்லாட் போச்சுங்க" என்று கொண்டுவந்தால் முதலில் நான் பார்ப்பது ஸ்லாட்டை இல்லை, கார்டைத்தான்.

சீரியல் மட்டும் உள்ள கருவியைப் புது லேப்டாப்பில் எப்படி இணைப்பது?

கருவியோடு வந்த சீரியல் கேபிள் அல்லது கிரேடில் இருந்தால், யூஎஸ்பி–சீரியல் அடாப்டர் ஒன்றை வாங்கி நடுவில் போடுங்கள். அடாப்டருக்குள் எஃப்டிடிஐ, ப்ரோலிஃபிக் பிஎல்2303, சிஹெச்340 ஆகிய மூன்று சிப்புகளில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். மூன்றுமே வேலை செய்யும். போலிச் சிப்தான் பிரச்சினை. பிஎல்2303 போலிகளையும் பழைய பதிப்புகளையும் விண்டோஸின் புதிய டிரைவர் ஏற்காது, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு "கோட் 10" என்று நிற்கும். 2014இல் எஃப்டிடிஐ வெளியிட்ட ஒரு டிரைவர், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கிச் செயலிழக்க வைத்து பெரிய சர்ச்சை ஆனது. அதனால் விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் யோசியுங்கள்.

வேகம் நொடிக்கு 115200 பிட்டுக்கு மேல் போகாது. ஒரு எம்பி போக ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவரிப் புத்தகம், குறிப்புகள், கணக்குத் தாள் எல்லாம் சில நூறு கேபிதான், அதற்கு இது போதும். கேபிளைச் சொந்தமாகச் செய்பவர்கள் அனுப்பு, பெறு, கிரவுண்டு என்று மூன்று கம்பியோடு நிறுத்திவிடுவது வழக்கம். பல மென்பொருள்கள் 'அனுப்பலாமா', 'அனுப்பு' என்று சைகை காட்டும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகளையும் எதிர்பார்க்கும். இணைப்பு வந்து வந்து அறுந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

சரி, கருவிக்குள்ளேயே யூஎஸ்பி சாக்கெட் பதிக்க முடியாதா? கிரேடில், தனி அடாப்டர் எதுவும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாமே.

முடியும், சால்டரிங் பழக்கமும் பொறுமையும் இருந்தால். இதில் செய்வது என்னவென்றால், மேலே சொன்ன அடாப்டரை உடைத்து அதன் சிப் பலகையைக் கருவிக்குள் வைப்பது. கம்ப்யூட்டர் பக்கம் இருந்து பார்த்தால் கருவி யூஎஸ்பி டிவைஸாகத் தெரியும். உள்ளே ஓடுவது அதே பழைய சீரியல்தான்.

எங்கே சால்டர் வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சீரியல் கேபிளில் ஓடுவது ஆர்எஸ்-232 மின்னழுத்தம், 3 முதல் 15 வோல்ட் வரை கூட்டலிலும் கழித்தலிலும். எஃப்டி232ஆர் மாதிரிச் சிப்பின் கால்களுக்கு அது நேராகப் போனால் சிப் காலி. கருவிக்குள் பிராசஸருக்கும் வெளிச் சாக்கெட்டுக்கும் நடுவில், மேக்ஸ்3232 இனத்தைச் சேர்ந்த ஒரு மாற்றிச் சிப் இருக்கும். அதற்கு உள்பக்கம், அதாவது பிராசஸர் பக்கம் இருக்கும் கம்பிகளைப் பிடிக்க வேண்டும். எந்தப் பக்கம் எது என்று சந்தேகம் வந்தால் கருவியை ஆன் செய்து சீரியல் போர்ட்டைத் திறந்து வைத்துவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். தரவு எதுவும் போகாத நேரத்தில் அனுப்பும் கம்பி ஆர்எஸ்-232 பக்கத்தில் கழித்தல் 5 வோல்ட் வாக்கில் காட்டும், பிராசஸர் பக்கத்தில் கூட்டல் 3 வோல்ட் வாக்கில் காட்டும். இந்த ஒரு அளவு போதும், தப்பவே தப்பாது.

அடுத்த சிக்கல், பெறும் கம்பி. அந்த மாற்றிச் சிப் ஏற்கெனவே அதைப் பிடித்து ஓட்டிக்கொண்டிருக்கும். நீங்களும் அதே கம்பியில் ஓட்டினால் இரண்டும் இழுபறி. ஒன்று, பலகையில் அந்தத் தடத்தைக் கூரான பிளேடால் வெட்டி நடுவில் ஒரு சின்ன சுவிட்ச் வைக்க வேண்டும். அல்லது மாற்றிச் சிப்பில் ஷட்டவுன் கால் இருந்து, அதை இழுத்தால் அதன் வெளியீடுகள் விலகிக்கொள்ளும் ரகமாக இருக்க வேண்டும். எஃப்டி232ஆரில் விசிசிஐஓ என்று ஒரு கால் இருக்கிறது, 1.8 முதல் 5 வோல்ட் வரை ஏற்கும். அதை 5 வோல்டில் விடாமல் கருவியின் 3.3 வோல்ட் தடத்திலேயே சேருங்கள். அப்போதுதான் அளவு பொருந்தும். கருவி அணைந்திருக்கும்போது யூஎஸ்பி சிப் கம்பி வழியாகப் பிராசஸருக்குள் மின்சாரத்தைக் கசியவிடுவதும் குறையும். அனுப்பும், பெறும் கம்பிகளில் ஆளுக்கு ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டுவிட்டால் இன்னும் நிம்மதி. யூஎஸ்பி சிப்புக்கான சக்தி கம்ப்யூட்டரின் 5 வோல்டிலிருந்து வருவதால் கருவியின் பேட்டரிக்குச் சுமை இல்லை.

சையான் 5 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அதன் திரைக்குப் போகும் நாடா கேபிள் மடிப்பில் உடைவது பிரபலமான நோய். நன்றாக ஓடும் சையானைச் சாக்கெட்டுக்காகத் திறந்து அந்த நாடாவைத் தொந்தரவு செய்ய எனக்கு மனசு வராது. அதில் சிஎஃப் துளை இருக்கிறது, அதுவே போதும்.

கம்ப்யூட்டரில் இணைத்ததும் சுர்ருன்னு ஷாக் அடிச்சுதுங்க, அதுக்கப்புறம் கருவி உயிரில்லாமல் கிடக்குது. என்ன ஆச்சு?

எர்த். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக் குடோன்களில் இருந்து வரும் கருவிகளைப் பற்றிப் பேசும்போது இதை நான் விடாமல் சொல்வேன். கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் மின்காந்த இரைச்சலை வடிகட்ட இரண்டு கெப்பாசிட்டர்கள், ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றும், பாடிக்கு இணைத்திருக்கும். எர்த் கம்பி சரியாக இருந்தால் அந்தக் கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாத பிளக்கில், அல்லது மூன்றாவது காலை உடைத்துவிட்டுச் செருகிய எக்ஸ்டென்ஷன் பெட்டியில், கம்ப்யூட்டரின் பாடி 230 வோல்டில் பாதி அளவுக்கு மிதந்துகொண்டிருக்கும். டெஸ்டரை வைத்தால் எரியும். மின்னோட்டம் சின்னதுதான், ஆளைக் கொல்லாது. ஆனால் சீரியல் சாக்கெட்டின் தரவுப் பின், கிரவுண்டுக்கு முன்னால் தொட்டுவிட்டால், அந்த ஒரு நொடிப் பாய்ச்சல் மாற்றிச் சிப்பைத் தாண்டிப் பிராசஸர் வரை போய்விடும். இரண்டு கால் சார்ஜர் போட்ட லேப்டாப்பிலும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது எளிது. லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிக்கொண்டே இணையுங்கள். டெஸ்க்டாப் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி இணைப்பவர்கள் ஏடியூஎம்4160 சிப் வைத்த யூஎஸ்பி ஐசொலேட்டர் பலகை (மின் தொடர்பைப் பிரித்துத் தரவை மட்டும் கடத்துவது) ஒன்று வாங்கி நடுவில் போடலாம். அது 1.5, 12 மெகாபிட் வேகங்களைத் தாங்கும், நம் பழைய கருவிகளுக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. மோட்டார்கள் ஓடும் ஷெட்டுக்குள் வைத்து இணைக்காதீர்கள். ஆபீஸ் ரூமுக்குக் கொண்டுபோய்ச் செய்யுங்கள்.

ஸ்லாட்டும் இல்லை, யூஎஸ்பியும் இல்லை, சீரியல் மட்டும்தான். பென் டிரைவில் எழுத வழியே இல்லையா?

இருக்கிறது, நடுவில் ஒரு ஆள் வேண்டும். சீன நிறுவனமான டபிள்யூசிஹெச் செய்யும் சிஹெச்376 என்ற சிப் ஒரு பக்கம் பென் டிரைவுக்கு ஹோஸ்டாக இருக்கும், மறுபக்கம் சீரியலில் பேசும். எஃப்ஏடி கோப்பு முறையை அதுவே பார்த்துக்கொள்ளும். "இந்தப் பெயரில் கோப்பைத் திற, இதை எழுது, மூடு" என்று சீரியலில் கட்டளை அனுப்பினால் போதும். எஃப்டிடிஐயின் விஎன்சி1எல் சிப்பும் இதே வேலைக்கு வந்ததுதான். கருவிப் பக்கம் அந்தக் கட்டளைகளை அனுப்பச் சின்ன நிரல் ஒன்று எழுத வேண்டியிருக்கும். சையானில் ஓபிஎல் என்ற நிரல் மொழி உள்ளேயே இருப்பதால் அது பெரிய வேலை இல்லை, கல்லூரிப் பையன்கள் ஒரு வாரக்கடைசியில் முடித்துவிடுவார்கள்.

நிரல் எழுதத் தெரியாது என்றால் ராஸ்பெரி பை ஜீரோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் பலகை ஒன்றும் மேக்ஸ்3232 பலகை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். பை லினக்ஸில் ஓடுவதால் பென் டிரைவ், பிரிண்டர், கீபோர்டு எல்லாம் அதற்குப் பழக்கம். கருவியிலிருந்து சீரியல் வழியாகக் கோப்பைப் பைக்கு அனுப்பி, பை அதைப் பென் டிரைவில் எழுதட்டும். பிபிபி இணைப்பு (சீரியல் கம்பியில் நெட்வொர்க் ஓட்டும் முறை) தெரிந்த கருவி என்றால் பை வழியாக நெட்வொர்க்கே கிடைத்துவிடும்.

பென் டிரைவ் போட்டதும் கருவி அணைஞ்சு போச்சு, உள்ளே இருந்ததும் எல்லாம் போச்சுங்க.

சக்தி பற்றவில்லை. யூஎஸ்பி விதிப்படி ஒரு டிவைஸ் முதலில் 100 மில்லிஆம்பியர் வரை எடுக்கலாம், ஹோஸ்ட் அனுமதி கொடுத்தால் 500 வரை. 5 வோல்டில் 500 மில்லிஆம்பியர் என்றால் இரண்டரை வாட். இரண்டு ஏஏ ரீசார்ஜ் செல்லில் ஓடும் கருவியில் கையில் இருப்பதே 2.4 வோல்ட்தான். அதை 5 ஆக்கும்போது வரும் இழப்பையும் சேர்த்தால் செல்லிலிருந்து 1.3 ஆம்பியர் உறிஞ்சும். செல்லின் வோல்டேஜ் சட்டென்று இறங்கிக் கருவி அணையும்.

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம், இந்தக் கால போன் மாதிரி இல்லாமல் அந்தக் காலக் கருவிகள் உங்கள் தகவலை ஆர்ஏஎம் நினைவகத்தில்தான் வைத்திருந்தன. மின்சாரம் முழுக்கப் போனால் எல்லாம் அழிந்துவிடும். விண்டோஸ் மொபைல் 5க்கு முந்தைய பாக்கெட் பிசிகள், பெரும்பாலான பழைய பாம்கள், சையானின் சி டிரைவ் எல்லாம் அப்படித்தான். சையானில் மாற்றுச் சக்திக்குச் சிஆர்2032 காசு செல் ஒன்று இருக்கும், அது செத்துப் போய் வருடக்கணக்கில் ஆகியிருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எனவே எந்த வேலை தொடங்கும் முன்னும் முதலில் தகவலை நகலெடுங்கள், பிறகு காசு செல்லை மாற்றுங்கள், அதற்குப் பிறகே யூஎஸ்பி. பென் டிரைவுக்குத் தனி அடாப்டர் உள்ள பவர்டு ஹப்பைப் பயன்படுத்துங்கள்.

கேபிள் எல்லாம் சரி, விண்டோஸ் 10 கருவியைக் கண்டுக்கவே மாட்டேங்குது.

பாம் யூஎஸ்பி டிரைவர் 32 பிட் விண்டோஸுக்கு எழுதியது, 64 பிட்டில் அப்படியே ஏறாது. விண்டோஸ் சிஇ, பாக்கெட் பிசியை இணைக்கும் மென்பொருள் எக்ஸ்பியில் ஆக்டிவ்சிங்க் 4.5, விஸ்டாவிலிருந்து மொபைல் டிவைஸ் சென்டர் 6.1. இந்தச் சென்டர் 2017க்குப் பிந்தைய விண்டோஸ் 10இல் தொடங்காமல் நிற்கும். சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் மொபைல் என்று தொடங்கும் இரண்டு சேவைகளையும் "லோக்கல் சிஸ்டம்" கணக்கில் ஓடும்படி மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இவ்வளவு போராட விருப்பம் இல்லாவிட்டால் விர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) 32 பிட் எக்ஸ்பி ஏற்றி யூஎஸ்பி இணைப்பை அதற்குள் தள்ளிவிடுங்கள். நான் பலருக்கும் சொல்வது இதைத்தான்.

லினக்ஸில் பாம், வைசர் கருவிகளுக்கு "வைசர்" என்ற கர்னல் மாட்யூல் உண்டு, பைலட்-லிங்க், ஜேபைலட் என்ற மென்பொருள்களை வைத்துத் தகவலை எடுக்கலாம். கம்ப்யூட்டரோடு தகவலை ஒத்திசைக்கும் ஹாட்சிங்க் பட்டனை அழுத்தினால்தான் கருவி யூஎஸ்பியில் தோன்றும். அதற்கு முன்னால் எத்தனை தேடினாலும் கிடைக்காது. இரண்டு போர்ட்டு தோன்றினால் பெரும்பாலும் இரண்டாவதுதான் வேலை செய்யும்.

வெளியே எடுத்த கோப்பில் தமிழ் எல்லாம் கோணல்மாணலாக் குறியீடாத் தெரியுதுங்க.

கெட்டுப்போகவில்லை, பயப்படாதீர்கள். அந்தக் காலத்தில் யூனிகோடு பரவலாகவில்லை. டிஸ்கி, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு ஏற்ற டேம், டேப், அதுபோக பாமினி மாதிரி எழுத்துருக்கள் என்று ஆளுக்கு ஒரு குறியீட்டில் தட்டினார்கள். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடு ஆக்கிவிடலாம். மூலக் கோப்பை மட்டும் நகல் வைத்துக்கொள்ளாமல் திறந்து சேமிக்காதீர்கள்.

ஒரு மாசம் நல்லா இருந்துச்சு, இப்போ அசைச்சாத்தான் இணைப்பு வருது.

நூல் குடோன், பனியன் கம்பெனி, ஜின்னிங் மில் பக்கம் இருந்த கருவி என்றால் பஞ்சு. கிரேடில் சாக்கெட்டின் அடியில் பஞ்சுத் தூசி படிந்து, கை எண்ணெயோடு சேர்ந்து அழுந்தி, சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு தட்டையாக உட்கார்ந்திருக்கும். மேலே இருந்து பார்த்தால் சாக்கெட்டின் தரையே அதுதான் என்று தோன்றும். பேட்டரியைக் கழற்றிவிட்டு மரப் பல்குச்சியின் முனையால் ஓரத்திலிருந்து மெல்ல நெம்பினால் முழுசாகக் கழன்று வரும். அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் பின்களைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஊசி, சேஃப்டி பின் கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் கரைந்துவிடும்.

யூஎஸ்பியிலேயே சார்ஜும் ஏத்திக்கலாமா?

கருவியின் அடாப்டரில் 5 வோல்ட் என்று எழுதியிருந்தால் யோசிக்கலாம், ஆனால் மெதுவாகத்தான் ஏறும். ஐபேக் 3600 அடாப்டர் 5 வோல்ட், 2 ஆம்பியர். கம்ப்யூட்டர் போர்ட்டு தருவது அதில் கால்வாசி. வேறு வோல்டேஜ் என்றால் நேராகக் கொடுக்க வேண்டாம். அதற்கு முன்னால் பேட்டரி மூடியைக் கழற்றி லித்தியம் பேட்டரி உப்பியிருக்கிறதா பாருங்கள். கருவியை மேசையில் வைத்தால் ஆடினாலோ, திரை ஓரத்தில் மேலே தூக்கியிருந்தாலோ சார்ஜ் போடவே கூடாது. குத்தாமல், நெம்பாமல் அப்படியே எடுத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டு, அதே வோல்டேஜ் உள்ள புதிய பேட்டரி போட்ட பிறகு மற்றதைப் பேசலாம்.